மழைக்காலத்தில் வறண்ட நிலப் பெர்மாகல்ச்சர் பண்ணை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

பெர்மாகல்ச்சர் என்பது இயற்கையின் போக்கைப் பின்பற்றி நிலத்தையும் நீரையும் வடிவமைக்கும் வேளாண் முறை. வறண்ட நிலத்தில் மழை குறைவு என்பது ஆண்டுக் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். பெய்கிற நாளில் அது கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். அந்தக் கணக்கில், ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். அதில் பத்தில் மூன்று பங்கு மண்ணுக்குள் இறங்காமல் ஓடினால்கூட, ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் சிறிது நேரத்துக்குள் பண்ணையின் தாழ்ந்த மூலையை நோக்கிப் பாய்ந்து வருகிறது. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாக இட்ட, ஸ்வேல் என்று அழைக்கப்படும் சமமட்ட அகழிகள், பண்ணைக்குட்டை, கல் தடுப்புகள், மண்ணின் மேல் சருகு, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பும் மூடாக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறிது நேரத்தில்தான் சோதிக்கப்படுகின்றன.

கீழே உள்ள குறிப்புகள் அறிகுறிகளின் வரிசையில் அமைந்துள்ளன. எந்த அறிகுறியானாலும் ஒரு நடைமுறை பொதுவானது: பழுது தெரியும் இடத்தில் வேலையைத் தொடங்காமல், அங்கிருந்து மேட்டை நோக்கி நடந்து, நீர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். கீழே உடைந்த கரையின் காரணம் பெரும்பாலும் மேலே அடைபட்ட ஒரு வழியாகவோ, வேலிக்கு வெளியே சாலையிலிருந்து புதிதாகத் திரும்பிய ஓட்டமாகவோ இருக்கும். இயன்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே இந்த நடையை மேற்கொள்வது நல்லது, ஏனெனில் மழை விட்ட பிறகு வருபவருக்கு நீரின் தடம் மட்டுமே தெரியும், அதன் வேகம் தெரியாது. இடி மின்னல் இருக்கும்போது மட்டும் கரை மேட்டிலும் தனித்த மரத்தடியிலும் நிற்கக் கூடாது.

தேவையான கருவிகள் மிகச் சில: மண்வெட்டி, விரல் பருமனுள்ள முனை கூரான இரும்புக் கம்பி, டியூப் லெவல் (நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயால் மட்டம் பார்ப்பது) அல்லது ஏ வடிவ மட்டச் சட்டம், முளைக்குச்சிகள், நேரான பக்கங்களைக் கொண்ட ஒரு பாத்திரம். கடைசியாகச் சொன்ன பாத்திரமே மழைமானியாகவும் பயன்படும்.

மழை நன்றாகப் பெய்தும் மண்ணின் உட்புறம் காய்ந்திருத்தல்

மழை நின்ற மறுநாள் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினால், நனைந்த ஆழம் வரை அது எளிதாக இறங்கி, காய்ந்த அடுக்கில் நின்றுவிடும். 40 மி.மீ. மழைக்குப் பிறகும் கம்பி ஐந்தாறு சென்டிமீட்டரில் நின்றால், நீர் உள்ளே போகவில்லை என்று பொருள். இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியாமல் உழுவதோ கொத்துவதோ பயன் தராது.

முதலாவது, மேற்பரப்பு இறுகி ஓடு கட்டுதல். மூடப்படாத மண்ணில் மழைத்துளி விழும் வேகத்தில் மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடுகின்றன. காய்ந்ததும் அது மெல்லிய தகடாகப் பெயர்ந்து வரும். இலேசாகக் கொத்தி ஓட்டை உடைத்துவிட்டு, அன்றே மூடாக்கு இட வேண்டும். மூடாக்கு இல்லாமல் கொத்தினால் அடுத்த மழையிலேயே மீண்டும் ஓடு கட்டிவிடும்.

இரண்டாவது, அடியில் உள்ள இறுக்கம். கம்பி நனைந்த மண்ணில் இறங்கி ஒரே ஆழத்தில் எல்லா இடங்களிலும் தடைப்பட்டால், முந்தைய உழவினாலோ இயந்திரங்களின் எடையினாலோ உருவான கடினப் படுகை இருக்கிறது. இதை ஈரத்தில் உடைக்க முயல்வது இறுக்கத்தை அதிகமாக்கும். கையில் பிடித்த மண் உருண்டை அழுத்தினால் பொலபொலவென்று உதிரும் பதம் வந்த பிறகு, மண்ணைப் புரட்டாமல் கவைக்கோலால் நெம்பித் தளர்த்தி, ஆழவேர்ப் பயிர்களை அந்த வெடிப்புகளில் விதைப்பது நிலைத்த தீர்வாகும்.

மூன்றாவது, மண் நீரை விலக்குதல். நீண்ட வறட்சிக்குப் பின் மணற்பாங்கான மண்ணில், மெழுகுத்தன்மையுள்ள இலைச்சருகு மக்கிய இடங்களில் இது காணப்படும். காய்ந்த மண்ணின் மேல் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நொடிக்குள் உறிஞ்சப்படாமல் மணியாக நின்றால் மண் நீரை விலக்குகிறது. அத்தகைய இடத்தில் சிறு குழிகளும் பள்ளங்களும் நீரைத் தேக்கி, மெதுவாக ஊறச் செய்யும். களிமண் கலப்பதும் உதவும்.

நான்காவது காரணத்தைப் பலர் ஏற்க மறுப்பார்கள்: மூடாக்கே நீரைக் குடித்துவிடுகிறது. ஒரு சாண் தடிமனுக்கு நெருக்கமாகப் பரப்பிய வைக்கோலோ நார்க்கழிவோ ஐந்து மி.மீ. தூறலை முழுவதுமாக உறிஞ்சி, மறுநாள் வெயிலில் ஆவியாக்கிவிடும். கனமழை மட்டும் பெய்யும் நாடுகளில் இது பெரிய குறையில்லை. தூறல்களை நம்பி இருக்கும் வறண்ட நிலத்தில் தடிமனைக் குறைத்து, சுள்ளிகளும் கிளைகளும் கலந்த பரும்படியான மூடாக்கை இடுவதே சரி. கல் மூடாக்கு நீரைச் சிறிதும் குடிப்பதில்லை. கற்கள் கிடைக்கும் பண்ணையில் மரத்தைச் சுற்றி அதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து.

மேற்பரப்பு பாறைபோல இறுகி, விதை முளைக்காத நிலம் என்றால் புர்கினா ஃபாசோவின் ஸாய் குழி முறையை முயலலாம். அங்கு யாகூபா சவடோகோ என்ற உழவர் 1980-களில் பழைய முறையை மேம்படுத்தி, சுமார் 20 முதல் 30 செ.மீ. அகலமும் 10 முதல் 20 செ.மீ. ஆழமும் உள்ள குழிகளில் எருவிட்டு மழைக்கு முன்பே தயார் செய்தார். எருவைத் தேடி வரும் கறையான்கள் இறுகிய மண்ணில் துளையிட்டு நீருக்கு வழி திறக்கின்றன. கறையான் என்றதும் மருந்தைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சமமட்ட அகழியின் கரை உடைதல்

மழைக்காலப் பழுதுகளில் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுவே. மேல் அகழி உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழ் அகழியில் விழுந்து அதையும் உடைக்கும். அவ்வாறே வரிசையாக அனைத்தும் போகும். ஆகையால் உடைப்பைக் கண்டவுடன், அடைப்பதற்கு முன், அதன் வடிவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடைப்பு மேலே அகன்று கீழே குறுகி இருந்தால், நீர் கரைமேல் வழிந்து அறுத்திருக்கிறது. கரையின் மேல்பகுதி இன்னும் பாலம்போல நிற்க, அடியில் துளை விழுந்திருந்தால், நீர் கரைக்குள் புகுந்து குடைந்திருக்கிறது. முதல் வகைக்கு மட்டமும், மிகை நீர் வழிந்தோட விடும் வழியான மறுகாலும் காரணம். இரண்டாம் வகைக்கு எலி வளை, மக்கிய வேர், கரையில் புதைந்துபோன மரக்கட்டை, அல்லது கரையும் தன்மையுள்ள களர் மண் காரணம்.

வழிந்து உடைந்த கரையில் சரிபார்க்க வேண்டியவை பின்வரும் வரிசையில் அமையும். கரையின் உச்சி எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? புதிதாகக் கொட்டி, மிதித்து இறுக்காத மண் முதல் மழையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அமிழ்ந்துவிடும்; அமிழ்ந்த இடமே நீர் தேர்ந்தெடுக்கும் இடம். அகழியின் அடித்தளம் உண்மையில் சமமட்டத்தில் உள்ளதா? இதற்குக் கருவியே தேவையில்லை. அகழியில் நீர் நிற்கும்போது நீரின் விளிம்பில் முளைக்குச்சிகளை அடித்து வைத்தால், அந்த வரிசையே பிழையற்ற சமமட்டக் கோடு. ஏ சட்டத்தைக் கொண்டு கோடு எடுத்திருந்தால், அந்தச் சட்டம் முறைப்படி சரிபார்க்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்: தூக்குக்குண்டின் நூல் நிற்கும் இடத்தைக் குறித்து, இரு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்து, இரு குறிகளுக்கும் நடுவில் உள்ள இடத்தையே மட்டமாகக் கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, மறுகால் எங்கே இருக்கிறது என்பது. பல பண்ணைகளில் அது வரைபடத்தில் மட்டும் இருக்கும், அல்லது இரண்டடி அகலத்தில் குழாயாக இருக்கும். மறுகால் என்பது கரை மண்ணில் வெட்டிய பிளவாக இருக்கக் கூடாது. தோண்டப்படாத இயற்கைத் தரையில், அகலமாகவும் மட்டமாகவும், கரை உச்சியைவிடத் தெளிவாகத் தாழ்ந்தும், புல்லாலோ கல்லாலோ மூடப்பட்டும் இருக்க வேண்டும். நீர் ஒரே இடத்தில் தடித்துப் பாயாமல் மெல்லிய தகடாகப் பரவி வழிவதே அதன் அளவுகோல். குழாய்கள் சருகும் சுள்ளியும் வந்து சரியாகக் கனமழை நேரத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதால், குழாயை மட்டும் நம்பிய மறுகாலை நான் மறுகாலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

மழை தொடரும்போது உடைந்த இடத்தை மண் மூட்டைகளால் அடைக்க முயல்வது வீண் உழைப்பு. நீரின் அழுத்தம் வேறொரு இடத்தை உடைக்கும். அதற்குப் பதிலாக, பாதுகாப்பாக நெருங்க முடிந்தால், அகழியின் ஓரத்தில் கெட்டித் தரையில் தற்காலிகமாக அகன்ற வழி திறந்து, விழும் இடத்தில் கற்களைப் பரப்பி, நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். நிலம் பதத்துக்கு வந்த பிறகு, உடைப்பின் இரு பக்கங்களையும் படிபடியாக வெட்டி, புது மண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டு ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் இறுக்கி நிரப்பலாம். செங்குத்தான பழைய விளிம்போடு புது மண்ணைச் சும்மா சேர்த்து வைத்தால், அந்த இணைப்பே அடுத்த உடைப்பாகும்.

செங்குத்துச் சரிவிலும், சரிந்து விழும் இயல்புள்ள மண்ணிலும் சமமட்ட அகழியே வெட்டக் கூடாது. அங்கு நீரைத் தேக்குவது மலைச்சரிவுக்கு எடை ஏற்றுவதாகும். அடிநிலத்தில் உப்பு இருக்கும் இடங்களிலும் எச்சரிக்கை தேவை. மேலே ஊறிய நீர் கீழே உப்போடு கசிந்து வெளிவரும்.

குட்டைக் கரையின் வெளிப்புறத்தில் கசிவு

கசிவு நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்து, அளவும் நாளுக்கு நாள் கூடாமல் இருந்தால், கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம். கலங்கலாக இருந்தால் கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. இது அவசர நிலை. கீழே வீடோ கொட்டகையோ இருந்தால் முதலில் மனிதர்களையும் கால்நடைகளையும் அகற்றிவிட்டு, மறுகால் வழியாகவோ மோட்டார் வைத்தோ நீர்மட்டத்தை இறக்க வேண்டும்.

கசிவு வெளிவரும் வாயைக் களிமண்ணால் அடைப்பது பொதுவான தவறு. அடைபட்ட நீர் கரைக்குள் அழுத்தம் சேர்த்துப் பக்கத்தில் பீறிடும். சரியான முறை, வாயின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று அடுக்கி, நீரை வெளியேற விட்டு மண்ணை மட்டும் தடுத்து நிறுத்துவதாகும். நீர் வற்றிய பிறகு உள்பக்கத்தில் புகுவாயைக் கண்டுபிடித்து, தோண்டி, நல்ல களிமண்ணைப் பதத்தில் இறுக்கி அடைக்கலாம். கரையின் மேல் மரங்கள் இருந்தால், அவை இளமையாக இருக்கும்போதே அகற்றுவது நல்லது. பட்டுப்போன வேர் மக்கும்போது நீருக்குத் தயாரான குழாயாகிறது.

காரணம் புலப்படாத கசிவுகளில் மண்ணைச் சோதிக்க வேண்டும். காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தெளிந்த மழைநீரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் சில மணி நேரம் விட்டால், சாதாரண மண் உதிர்ந்து குவியலாகக் கிடக்கும். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் வளையம் பரவினால் அது சோடியம் மிகுந்த, தானாகக் கரையும் களிமண். அந்த மண்ணால் கட்டிய கரையில் ஜிப்சம் கலந்து இறுக்காமல் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது. குட்டை நீர் மாதக்கணக்கில் தெளியாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

குட்டை வற்றுகிறது என்ற புகாருக்கு முன், அது கசிவா ஆவியாதலா என்று பிரிக்க வேண்டும். பாதியளவு நீர் நிரப்பிய வாளியைக் குட்டைக்குள் கல் வைத்து நிறுத்தி, இரண்டின் நீர்மட்டத்தையும் மழையில்லாத சில நாள்களுக்கு அளந்தால், வாளியில் குறைந்தது ஆவி. அதற்குமேல் குட்டையில் குறைந்தது கசிவு.

ஓடை அரிப்பு மேட்டை நோக்கி ஏறுதல்

ஓடையின் தலைப்பகுதியில், நீர் விழும் செங்குத்துப் படி ஒவ்வொரு மழைக்கும் மேல்நோக்கி நகர்ந்தால், கீழே எத்தனை தடுப்பு கட்டினாலும் அரிப்பு நிற்காது. முதலில் அந்தப் படியைச் சாய்வாக வெட்டிக் கற்களை நெருக்கமாகப் பதித்து, விழும் நீரைத் தவழும் நீராக்க வேண்டும். அதன் பிறகே ஓடைக்குள் தடுப்புகள். உயரமான ஒன்றைவிட ஒரு கல் உயரமுள்ள பல தடுப்புகள் நெடுநாள் நிற்கும். கீழ்த் தடுப்பின் உச்சி மேல்தடுப்பின் அடிமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும், நடுப்பகுதி இரு ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஓரம் தாழ்ந்தால் நீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கரையை அரிக்கும்.

ஈரமான மண்ணில் செடி வாடுதல், இலை மஞ்சளாதல்

மண் ஈரமாக இருக்கும்போது செடி வாடினால் நீர் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் நீர் விடக் கூடாது. செடியின் ஓரத்தில் தோண்டி வேரைப் பார்க்க வேண்டும். வேர் பழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்து, மண் சாம்பல் நிறத்தில் அழுகிய வாடை வீசினால் மூச்சடைப்பு. நீர் வடிய வழி வெட்டி, மூடாக்கை விலக்கி, அந்த இடத்தை மிதிக்காமல் விட வேண்டும். புது வேர் வரும்வரை உரம் இடுவதில் பயனில்லை.

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்பது அடுத்த தடயம். அடி இலைகள் முழுவதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. கனமழையில் அது அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம், நீர் தேங்கிய மண்ணில் வாயுவாக வெளியேறியிருக்கலாம், அல்லது மரத்தூளையும் மரச்சில்லுகளையும் மண்ணோடு கலந்துவிட்டதால் அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். மரச்சில்லுகள் மேலே கிடக்கலாம். உள்ளே புதைக்கக் கூடாது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் கோளாறு. சுண்ணாம்பு மிகுந்த மண் அளவுக்கு மீறி நனையும்போது இது தோன்றி, மண் உலர்ந்ததும் பல நேரங்களில் தானாகவே குறையும்.

அகழியில் நீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றால், மண்ணின் உறிஞ்சும் திறனை அளந்துவிடுவது நல்லது. ஓரடி ஆழக் குழியை ஒருமுறை நிரப்பி வடியவிட்டு, மறுமுறை நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டிலும் நீர் இறங்குவதால் இது தோராயமான அளவே. நன்கு நனைந்த களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் நீரை ஏற்கும். மணல் 30 மி.மீ.-க்கு மேலும் ஏற்கும். களிமண் அகழியில் மரத்தை அடித்தளத்தில் நட்டது தவறான இடம். கரையின் தோளில் நட வேண்டும். மணலில் இதற்கு நேர்மாறாக, அடித்தளமே மரத்துக்கு ஏற்ற இடம்.

தண்டின் கழுத்துப் பகுதி அழுகுதல்

மண்ணை ஒட்டிய தண்டில் வெண்ணிற இழைகளும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் காணப்பட்டால் அது ஸ்கிளிரோசியம் பூஞ்சை. மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு கை அகலம் விலக்கி வைப்பதே தடுப்பு. தாக்கப்பட்ட செடியை அந்த உருண்டைகள் சிந்தாமல் சுற்றியுள்ள மண்ணோடு அகற்ற வேண்டும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பதால், மக்கு உரக் குவியலில் போடக் கூடாது. நாற்றங்காலில் இளநாற்றுகள் சாய்ந்து விழுந்தால் நெருக்கத்தையும் நீரையும் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினாலே பாதி குணமாகும்.

மக்கு உரக் குவியல் நாறுவது வேறு கதை: மழைநீர் புகுந்து காற்று போய்விட்டது. காய்ந்த சருகு கலந்து புரட்டி, மேலே மூடினால் போதும்.

முதல் மழைக்கு முளைத்தவை காய்ந்துபோதல்

முதல் மழை பருவத் தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை. கம்பி ஒரு சாண் ஆழத்துக்கு இறங்காதவரை விதைகளைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அப்போதும் பலதானிய விதையை முழுவதும் ஒரே நாளில் விதைக்காமல், மூன்று பங்காகப் பிரித்து, இடைவெளி விட்டு விதைப்பவருக்கு ஒரு பங்காவது தப்பும்.

மழை விட்ட இரண்டு வாரத்தில் வாட்டம்

அகழிகள் நிரம்பின, கரைகள் நின்றன, ஆயினும் மழை ஓய்ந்த சில நாள்களில் இளமரங்கள் தலை தொங்குகின்றன என்றால், வேர் மேலாகவே படர்ந்திருக்கிறது அல்லது இடையில் வளர்ந்த மூடுபயிர் ஈரத்தைப் பங்கு போடுகிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குள் உள்ள களையையும் மூடுபயிரையும் பூக்கும் முன் அறுத்து, அங்கேயே பரப்ப வேண்டும். தூறல் நாளில் அறுத்தவை மறுபடி வேர்விடும் என்பதால், வெயில் அடிக்கும் இடைவெளியில் அறுப்பது நல்லது. வேரோடு பிடுங்கினால் மண் கிளறப்பட்டு ஈரம் போகும். கத்தரித்து விட்டால் மடிந்த வேர்கள் இருந்த வழியாக அடுத்த மழை உள்ளே இறங்கும். மழைக்காலத்தின் கடைசிக் கனமழைக்குப் பிறகு, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, அதுவரை மெல்லியதாக வைத்திருந்த மூடாக்கின் தடிமனைக் கூட்டலாம். இனித் தூறலை உள்ளே விடுவதைவிட, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காப்பதுதான் அதன் வேலை.